தீராத தீனி

வான்கோழி வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, வீடு நாட்றம்பள்ளி பக்கம். முதல்முறையாக வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி, பல்பு வெளிச்சத்தில் விட்டு, தட்டு நிறையத் தீனி வைத்தோம். அவை ஓயாமல் கத்தின. குளிர் என்று நினைத்து பல்பைத் தாழ்த்திக் கட்டினேன்.

"இன்னா இது, வச்ச தீனி அப்படியே இருக்குது? செலவு கம்மிதான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

இரண்டு மூன்று நாளில் கத்தல் அடங்கியது. தட்டைச் சுற்றியே குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

அவற்றை எடுக்கக் குனிந்தேன். கம்பெனியிலிருந்து என் சேலை மடிப்பில் ஒட்டிவந்த வளையம் ஒன்று, ஷூவில் கயிறு கோக்க வைப்பது, பளபளவென்று தீனியில் விழுந்தது. மிச்சக் குஞ்சுகள் ஓடிவந்து அதைக் கொத்தின. பதறிப்போய் எடுத்துவிட்டேன். அதற்குள் அலகில் ஒட்டிய தீனியை அவை விழுங்கின.

"ஏங்க, இதுங்களுக்குத் தீனி எதுன்னே தெரியலைங்க!" என்று கத்தினேன்.

கால்நடை டாக்டரும் அதையே சொன்னார். "தாய் இல்லாத குஞ்சும்மா. தின்னக் கத்துக் குடுக்கணும். பசியிலதான் செத்திருக்குது."

இப்போது புதுக் குஞ்சு வந்தால், அவித்த முட்டையையும் கீரையையும் பொடியாக நறுக்கித் தீனிமேல் தூவி, விரலால் தட்டிக் காட்டுகிறேன். தட்டை நம்புவதில்லை. தினமும் ஒவ்வொன்றின் கழுத்தடி இரைப்பையையும், நிறைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

அந்தக் குஞ்சுகள் செத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் தன் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.