கடிபட்டும் வாய் திறக்காத மகள்

கோவில்பட்டி பக்கம் எங்களுக்கு உளுந்துப் புஞ்சை இருக்கிறது. மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்கவே விடாது. எல்லாருமே வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவோம். என் கணவர் மட்டும், "வெறுங்காலோட இறங்குன, காலை ஒடிச்சிருவேன்" என்று மகளை மிரட்டுவார். பாம்புக்குப் பயந்துதான் அப்படிச் சொல்வார். அதை ஒருநாளும் அவளிடம் விளக்கியதில்லை. நானோ எதற்கெடுத்தாலும், "இரு, அப்பாட்ட சொல்லுதேன்" என்பேன்.

போன கார்த்திகையில் களையெடுத்துவிட்டு வந்தவள் பேசாமல் சுருண்டு படுத்தாள். அசதி என்று விட்டுவிட்டேன். சாப்பிட எழுப்பினால் இமை திறக்கவில்லை, நாக்கு குழறியது. கணுக்காலில் பல் பட்ட தடம்.

"ஏட்டி, என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீ அப்பாட்ட சொல்லிருவ. வெறுங்காலோட இறங்குனதுக்கு அவிய வைவாவ."

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். விஷமுறிவு ஊசி போட்டு, மூச்சுக்கு மெஷின் வைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

இப்போது அவர் மிரட்டுவதில்லை. "அப்பாட்ட சொல்லுதேன்" என்ற பேச்சையே நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் காலில் முள் குத்தினால்கூட, அவள் முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள். அதன்பிறகுதான் அழுகிறாள்.