காலி டேங்க் மிதந்த அன்று

1. மூன்றாம் டேங்க்

"சார், டேங்க் ஆடுது" என்று பம்ப் ஆபரேட்டர் தாஸ் வந்து சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாடி உயர இரும்பு டேங்க் எங்காவது ஆடுமா? போய்ப் பார்த்தேன். ஆடியது.

பெருங்களத்தூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், ஆற்றோரமாக இருந்த ஒரு தனியார் எண்ணெய் யார்டில் நான் சேஃப்டி ஆபீசர். டீசலும், பெயின்ட் கம்பெனிகளுக்குப் போகும், பெட்ரோலைப் போலப் பற்றும் தின்னரும் வைத்திருந்தோம். டேங்குகளைச் சுற்றி டைக் வால் உண்டு. கசிந்த எண்ணெய் வெளியே போகாமல் தடுக்கும் சுவர் அது. அந்த மழையில் ஆறு அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளத்தில் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் பயப்பட வேண்டும். காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலியாகக் கிடந்த மூன்றாம் டேங்கில் தண்ணீர் ரொப்பிவிடலாம் என்று முந்தின நாளே இருவரும் சேர்ந்துதான் ஹெட் ஆபீசுக்குப் பேசினோம்.

"தண்ணி விட்டா அப்புறம் க்ளீனிங், லேப் டெஸ்ட் எல்லாம் பண்ணணுமாம். மழை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு சொல்றாங்களாம்" என்றார் மேனேஜர்.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல மனிதர்கள், பார்ப்பதில் குறை வைக்கவில்லை.

மதியத்துக்குள் மூன்றாம் டேங்க் கிளம்பிவிட்டது. போகிற போக்கில் பக்கத்துத் தின்னர் டேங்கின் பைப்பையும் பிடுங்கிக்கொண்டு போனது. வால்வுக்கும் டேங்குக்கும் நடுவில் உடைந்ததால் மூடுவதற்கு எதுவும் இல்லை. தின்னர் வெள்ளத்தின் மேல் பரவி, மூழ்கிக் கிடந்த சுவரைத் தாண்டிப் பின்தெருவுக்குள் போனது. எங்களிடம் நெருப்பை அமுக்கும் ஃபோம் இருந்தது, அதை அடிக்கும் பம்ப் தண்ணீருக்கடியில் இருந்தது. ஃபயர் என்ஜினைக் கூப்பிட்டால், "ஜி.எஸ்.டி. ரோட்டையே தாண்ட முடியல சார், வழி பாத்துக்கினே இருக்கோம்" என்றார்கள். அவர்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவார்கள் போலிருந்தது.

2. பின்தெரு

நானும் தாஸும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தெருவுக்குள் இறங்கினோம். கரண்டை ஈ.பி.காரர்கள் முதல் நாளே நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் சொல்லும்வரை கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், சரி என்றார்கள். மீதி வேலைக்கு எங்கள் தொண்டைதான் இருந்தது.

"அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க." வீடு வீடாக இதையே கத்தினோம். தெருக்காரர்களை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகப் படகு கேட்டோம். வருகிறது என்றார்கள்.

கடைசி வீட்டு மாடியில் ஆட்டோ ஓட்டும் குமார், மனைவி செல்வி, படுத்த படுக்கையாகக் குமாரின் அம்மா.

"இன்னா சார், நாறுறது உங்க கம்பெனி சரக்கு. சோறாக்காம குந்திக்கினு இருக்கறது நாங்களா?" என்றார் குமார். நியாயமான கேள்வி.

"அத்தைக்கு ஒரு வாய் கஞ்சி மட்டும் வெச்சிக்கிறேண்ணா. பச்சத் தண்ணி குடிச்சா நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாள் செல்வி.

"வேணாம்மா. வாடை போற வரைக்கும் பொறுத்துக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து போய் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள்.

3. ஒரு நல்ல காரியம்

மறுநாள் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியது. தின்னர் இறங்கவில்லை. மாடிப்படிக்கு அடியிலும் மோட்டார் குழியிலும் தேங்கியிருந்தது. ஆனால் தெருவுக்கு அந்த வாடை பழகிவிட்டது. பழகிய வாடையை மூக்கு சொல்லாது. நாங்கள் மறுபடி ஒரு சுற்று சொல்லிவிட்டு, ஓட்டையை அடைக்க யார்டுக்குத் திரும்பினோம்.

தெருமுனையில் ஒரு புது அபார்ட்மென்ட். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. அசோசியேஷன் செக்ரட்டரி இரக்கமுள்ள மனிதர். "பாவம், ஒரு பக்கெட் தண்ணிக்குக்கூட வழியில்லாம இருக்காங்க" என்று சொல்லி, ஜெனரேட்டரிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்துவிட்டார். ஒவ்வொரு வீடாக மோட்டார் போட்டுக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதாம். யார்டு வேலை பார்க்காதவனாக அங்கே நின்றிருந்தால் நானும் கும்பிட்டிருப்பேன்.

குமாரின் அம்மா இரண்டு நாளாகக் கழுவிவிடத் தண்ணீரில்லாமல் கிடந்தார். ஒயர் தன் வீட்டுக்கு வந்ததும் குமார் கீழே இறங்கி மோட்டாரைப் போட்டார்.

மோட்டாரின் பொறியில் குழியிலிருந்த தின்னர் ஆவி வெடித்த சத்தம் யார்டுக்குக் கேட்டது. இருந்த தீயணைக்கும் பவுடர் சிலிண்டரையெல்லாம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினோம், தண்ணீரில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. படிக்கட்டு முழுவதும் நெருப்பு. தண்ணீரின் மேலேயே எரிந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு நிமிடம் அடக்கும், காலியானதும் மறுபடி பற்றிக்கொள்ளும். செல்வி பால் பாக்கெட்டுக்காகத் தெருமுனைக்குப் போயிருந்தாள். மாடியிலிருந்த அம்மாவை எங்களால் இறக்க முடியவில்லை. குமாரை அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் இழந்தோம்.

4. பாடம்

புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் என்று ஏதாவது எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். யார்டுக்குள் என்ன இருக்கிறது, அது எதிலெல்லாம் பற்றும் என்று அந்தத் தெருவுக்கு ஒரு வெயில் நாளில், உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யார்டு அங்கே இருந்த இத்தனை வருடத்தில் நாங்கள் அந்தத் தெருவோடு பேசியதே அந்த வெள்ளத்தில்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாலும், வெள்ளத்தில் நிற்பவர் காதில் ஒரு வார்த்தைதான் தங்கும். இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நாளைக்கே இன்னொரு மழை வந்தால் இன்னொரு தெருவில் இதேதான் நடக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"நாங்க அடுப்பு பத்த வெக்கவே இல்லண்ணா" என்றாள். "நீங்க சொன்னீங்களேன்னு ரெண்டு நாளா பத்த வெக்கல. நம்புங்கண்ணா."