தண்ணீர் காணாத துணி

என் மனைவியின் இறுதி மாதங்களில் எந்தத் துணியும் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிகிச்சையின் விளைவு. பல்லாண்டுகள் உடுத்திப் பழகிய பருத்திப் புடவைகூட உறுத்தியது. அப்போது அம்பத்தூரில் ஒரு கைத்தறிக் கண்காட்சி நடந்தது. ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் அங்கே புதுவகைத் துணி ஒன்றை வைத்திருந்தார். நீளவாக்கில் பருத்திப் பாவு, குறுக்கே மூங்கில் நூல் ஊடை. இரண்டு மெல்லிய அடுக்குகள் அங்கங்கே மட்டும் பிணைந்திருக்கும்படி குழித்தறியில் நெய்தது. ஐந்து மீட்டர் வாங்கினேன். அதில் தைத்த இரவு உடையை அணிந்த அன்று, “இதமா இருக்குங்க” என்றாள்.

குறை சொல்லி அறியாதவள். நான் சமைத்த ரசத்தையும் இதே குரலில் பாராட்டியவள்.

மாற்றுக்காக இன்னொரு ஐந்து மீட்டரைத் தபாலில் வரவழைத்தேன். அது வந்து சேர்ந்த வாரத்தில் அவள் இல்லை. அவள் உடுத்தியவற்றை வழக்கப்படி கொடுத்துவிட்டோம். சில மாதங்கள் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது, துணி அட்டையைப் போல விறைத்திருந்தது. விரல் நுனியில் சொரசொரத்தது. இதையா அவள் இதம் என்றாள்? என் மனம் நோகாதிருக்கச் சொன்ன பொய் என்று முடிவு செய்தேன். துணியை மறுபடி பொட்டலமாகவே கட்டி வைத்தேன்.

இந்த ஆண்டு கண்காட்சி மீண்டும் வந்தது. துணியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்த நெசவாளர் தன் மேசையில் அதே துணியின் துண்டுகளைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்லிக்கொண்டிருந்தார். கணினி நிறுவன அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்தவள், எடுக்க மறந்தாள். பாடிப் பக்கமிருந்து வந்திருந்த லாரி ஓட்டுநர், தன் கைக்குச் சாக்கும் பட்டும் ஒன்றுதான் என்று நகைத்தார். பிறகு முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே இது, பூனக்குட்டி மாதிரி கீது” என்றார். எல்லா முகங்களும் ஒரே விதமாகத் தளர்ந்தன. எனக்கு அது புரியவில்லை.

என் துணியையும் மேசையில் வைத்தேன். அருகில் நின்ற பூந்தமல்லி ஜவுளி வியாபாரி, வெண்தாடி வைத்த பாய், அதன் ஓரத்தைக் கைக்குள் கசக்கி விடுவித்தார்.

“இது தண்ணியே பாக்காத துணி சார்.”

நெசவாளர் ஆமோதித்தார். பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்களாம். மூன்று முறை அலசினால்தான் துணி தன் குணத்துக்கு வருமாம். வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் அனுப்புவாராம். என்னிடமும் சொல்லியிருப்பார். அன்று எதையும் காதில் வாங்கும் நிலையில் நான் இல்லை.

அப்படியென்றால் அவளுக்குக் கஞ்சியோடுதான் தைத்துப் போட்டோமா? நாற்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்தவனுக்குத் துணியை அலசிப் பார்க்கத் தோன்றவில்லை. மண்டபத்தின் ஓரமாகச் சென்று, அவளைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட முத்தாபுதுப்பேட்டைப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தத் துணியை அலசாமலா தைக்கக் கொடுத்தோம் என்று கேட்டேன்.

“இத்த இப்ப வந்து கேக்குறீங்களா சார்? நீங்க வாங்கியாந்த அன்னிக்கே மூணு தபா அலசிக் காய வெச்சேன். அப்பாலதான் தைக்கக் குடுத்தேன். புதுத் துணிய அப்டியே மேல போடுவாங்களா யாராச்சும்? அம்மா அத்தப் போட்டுகினுதான் ரெண்டு மணி நேரமாச்சும் தூங்கிச்சு. கயட்டவே உடாது.”

சரி என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். எல்லாம் சரிதானே என்று பாய் கேட்டார். சரிதான் என்றேன்.

மறுநாள் காலை அந்த ஐந்து மீட்டரையும் வாளியில் ஊற வைத்து நானே அலசினேன். முதல் நீர் வெளுத்துக் குழம்பி வந்தது. மூன்றாவது நீரில் வாளியின் அடி தெரிந்தது. பால்கனிக் கொடியில் காய்ந்த துணியைப் புறங்கையால் தொட்டேன்.

தலையணை உறைகள் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.