ஆனைக்குட்டமும் ஒரு மிஸ்டு காலும்

என் சகலைக்குப் பறவைப் பித்துப் பிடித்திருந்த சமயம் அது. சென்னையில் வங்கி உத்தியோகம். நாற்பதைத் தாண்டிய ஆண்களில் சிலர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள், சிலர் சர்க்கரைக்காக நடக்கிறார்கள். இவர் பைனாகுலர் வாங்கிவிட்டார். பொங்கல் கழிந்து சிவகாசிக்கு வந்தவர், காபித் தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "சகல, ஆனைக்குட்டம் அணையில இந்த வருஷம் பறவை நிறைய இறங்கியிருக்காமே, பாத்தீங்களா?" என்றார்.

"பாக்காம?" என்றேன்.

பார்த்ததில்லை. காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் பிழை திருத்துகிறவன் நான். நாட்டு மக்களுடைய ராகு காலமும் எமகண்டமும் அச்சில் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பு. தண்ணீர் ஓரத்தில் நெட்டையாக எது நின்றாலும் கொக்கு என்பதோடு என் பறவை ஞானம் முடிந்தது. ஆனால் நாலு புத்தகம் படித்தவன் என்று சொந்தத்தில் பெயர் வாங்கிவிட்டால், தெரியாது என்ற சொல் தொண்டையைத் தாண்டாது.

மறுநாள் சனிக்கிழமை. என் மனைவி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் கட்டும் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். சனிக்கிழமையும் வேலை உண்டு. கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்:

"தண்ணிக்குள்ள இறங்கிராதீக. உங்களுக்கு நீச்சல் தெரியாது. எனக்கு அங்கன ஒரே நெனப்பா இருக்கும்."

நாள் முழுக்க வெடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கப் போகிறவள், முழங்கால் தண்ணீருக்காக என்னை எச்சரித்துவிட்டுப் போனாள். என் கவலையை நான் சொல்லவில்லை. அதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊரில் பாதி வீடுகளில் உண்டு. எங்கள் பக்கத்தில் சத்தம் இரண்டு வகை. ஒன்று, கம்பெனிகள் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் சத்தம். அதற்குத் தொட்டில் பிள்ளைகூடத் திரும்பாது. இன்னொன்று காதில் கேட்காது, நெஞ்சில் இறங்கும். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கும். அப்போது என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம்?"

தீப்பொறிக்குப் பயந்து கம்பெனிக்குள் செல்போனை விடமாட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் அறையில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே எங்கே சத்தம் கேட்டாலும், மற்றக் கம்பெனிகளில் இருக்கும் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து தங்கள் போனைத் தேடியெடுத்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். மணி ஒருமுறை அடித்து நின்றால், நான் இருக்கிறேன் என்று பொருள். வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: சும்மா இருப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சகலையை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் போனேன். அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அணைக்கரையில் சரணாலயம் என்று அரசாங்கம் பலகை எதுவும் வைத்திருக்கவில்லை. பறவைகள் தாங்களாகவே அப்படி முடிவு செய்துகொண்டு வந்து இறங்கியிருந்தன. கரையோரச் சேற்றில், மேட்டில், கருவேல மரங்களின் தலையில் என்று எங்கும் அவைதான்.

"நத்தைகுத்தி நாரை!" என்றார் சகலை, ஏதோ ஏலம் எடுத்தவரைப் போல. "அந்தா, மஞ்சமூக்கு நாரை. அது கூழைக்கடா. இதோ கறுப்பா நெத்தியில வெள்ளையா இருக்கே, அது நாமக்கோழி."

"நாமம் போட்ட கோழியா?"

"நீங்க பாத்திருக்கேன்னு சொன்னீங்களே, சகல."

"அப்ப நாமம் போடாம இருந்துச்சு."

பைனாகுலரை என்னிடம் நீட்டினார். எனக்கு முதலில் தெரிந்தது என் இமைமயிர். பிறகு ஒரு நாரை மெதுவாகக் காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தது. ஆபீசில் எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடுவதைப் போலவே இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, அடிக்கடி வரலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது நெஞ்சில் இறங்கியது.

அணையில் இருந்த அத்தனை பறவைகளும் ஒரே விரிப்பாக மேலே எழுந்தன. தண்ணீர் நிறம் மாறியது. சகலை தோளில் தொங்கிய காமிராவைத் தூக்கிக்கொண்டு, "ஆகா! ஆகா! சகல, பாருங்க, எல்லாம் ஒண்ணா! என்ன அதிர்ஷ்டம் நமக்கு!" என்று கத்தினார்.

நான் பறவைகளுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தின் அடியில், மரங்களுக்கு மேலே, வெள்ளையாக ஒரு புகை எழுந்து குடையாக விரிந்தது. எந்தப் பக்கம்? பிறந்து வளர்ந்த ஊர். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு எந்தத் திசையும் திசையாக இல்லை. சாத்தூர் ரோடு என்று மூளை சொன்னது. நாரணாபுரம் என்று வயிறு சொன்னது.

போனைக் கையில் எடுத்தேன். சும்மா இருக்க வேண்டும். அவள் வாசலுக்கு வர வேண்டும், தட்டில் போனைத் தேட வேண்டும். நேரமாகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எண்ணை அழுத்தினேன்.

'நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது' என்றாள் அந்தப் பதிவுக் குரல் அம்மாள். உலகத்தில் எதுவும் நடக்காததைப் போன்ற குரல். மறுபடி அழுத்தினேன். மறுபடி அவள்தான்.

"கிளம்புங்க" என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷம், சகல. திரும்ப இறங்கும் பாருங்க, அது இன்னும்..." என்று திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். காமிராவை மூடி, என்னிடம் இருந்த பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "மதினியா?" என்றார். போனை அவர் கையில் கொடுத்து, "அடிச்சுக்கிட்டே இருங்க" என்றேன்.

வங்கிக்காரர். சொன்ன வேலையைச் செய்வார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்க, விடாமல் அடித்தார். "பிஸி... பிஸி... இப்ப நெட்வொர்க் இல்லையாம்... மறுபடி பிஸி" என்று என் முதுகுக்கு அறிக்கை வாசித்துக்கொண்டே வந்தார்.

சிவகாசிக்குள் நுழைந்தால் தெருவில் எல்லோர் காதிலும் போன். லாரியில் தீப்பெட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லோடைப் பாதியில் விட்டு நின்றிருந்தார்கள். டீக்கடை ஓரம் வண்டியை மெதுவாக்கி, "எந்தப் பக்கம்ணே?" என்றேன்.

"நாரணாபுரம் பக்கம்ங்காக" என்றார் ஒருவர்.

"ஏலே, வாய மூடுலே" என்று பக்கத்தில் இருந்தவர் அவர் மேல் பாய்ந்தார். "சாத்தூர் ரோட்டுப் பக்கம் புகை நின்னுச்சு. மாடியில இருந்து நானே பாத்தேன்."

"ஆமா, உனக்குக் கெழக்கு எது மேக்கு எதுன்னு தெரிஞ்சிட்டாலும்!"

இரண்டாமவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க போங்க. ஒண்ணும் இருக்காது" என்றார். அந்தக் கனிவுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

நாரணாபுரம் வரும் வழியில் என் மனத்தில் ஓடியதை எழுதப் போவதில்லை. வீட்டில் அரைத்து வைத்த மாவு யாருக்கு என்பதுவரை போய்விட்டது, அவ்வளவு சொன்னால் போதும்.

கம்பெனிச் சுவர் நின்றது. வாசலில் பெண்கள் கூட்டமாக, தலையில் கட்டிய துண்டோடு, ஆளுக்கொரு போனோடு நின்றார்கள். நடுவில் நீலப் பருத்திச் சேலையில் என் மனைவி. போனைக் காதில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தளர்ந்தது. அடுத்த கணமே கோபம் ஏறியது.

"போன என்ன செய்றீக நீங்க? நான் அடிக்க அடிக்க எங்கேஜ்!"

"நான் அடிச்சேன். உனக்குத்தான் எங்கேஜ்."

"நான் உங்களுக்கு அடிச்சா எங்கேஜாத்தான இருக்கும்? சரி, மனுசன் அடிக்காக, எடுப்போம்னு நிறுத்துனேன். அப்ப வரவே இல்ல."

"அப்ப நெட்வொர்க் இல்ல, மதினி" என்றார் சகலை, கணக்கை ஒப்படைப்பவர் மாதிரி என் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து.

"சும்மா இருக்கணும்னு சொல்லியிருக்கேன்ல? எம்புட்டு நேரமா நிக்கேன்! தண்ணிக்குள்ள விழுந்துட்டீகளோன்னு வேற நெனச்சேன்."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். "அண்ணாச்சி இனிமே பறவைக்குப் போகட்டும், போன வீட்டுல வச்சுட்டு."

சாத்தூர் ரோட்டுப் பக்கம் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்துப் போயிருந்தது. சாப்பாட்டு நேரம். ஆட்களெல்லாம் தள்ளி மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்களாம். யாருக்கும் காயம் இல்லை என்று செய்தி வந்ததும் வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போனைத் தட்டில் போட்டார்கள். ஆர்டர் காத்திருந்தது. என் மனைவியும் போட்டாள்.

"வீட்டுக்குப் போங்க. சோறு வடிச்சு வச்சிருக்கேன், அவருக்கு அப்பளம் பொரிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே நடந்தாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமாகத் தினமும் நடக்கிறாள், நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை எடுக்கக் கை வரவில்லை. எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. அங்கே போய் நின்றேன். சகலை தன் கழுத்தில் இருந்து பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இந்த முறை இமைமயிர் தெரியவில்லை. தூரத்தில் பாக்கிங் கொட்டகையின் கதவு தெரிந்தது. அதற்குள் நீலப் பருத்திச் சேலை ஒன்று குனிந்தது, நிமிர்ந்தது, யாரையோ அதட்டியது.

"சார், நீங்க இன்ஸ்பெக்சனா?" என்று வாட்ச்மேன் பதறிக் கத்திக்கொண்டே வந்தார்.

"இல்ல, பறவை பாக்கோம்" என்றார் சகலை.

அந்தச் சத்தத்தில் நீலச் சேலை திரும்பியது. வாசலுக்கு வந்து, மரத்தடியில் என்னைக் கண்டு, தலையில் அடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வாட்ச்மேன் அறைக்குள் போனது.

என் சட்டைப்பையில் போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.