பங்கு மாட்டுக்கு ஒரு முறைப்பாடு

எனக்காக யாரோ முறைப்பாடு போட்டிருக்கிறார்கள் என்பதே பொலிசிலிருந்து கோல் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். உங்கள் மாட்டை ஒருவன் களவெடுத்து அறுக்கக் கொண்டுபோனான், ஆளைப் பிடித்துவிட்டோம், மாட்டை இங்கே கட்டி வைத்திருக்கிறோம், வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார்கள். யார் களவெடுத்தது என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்கள். அது எங்கள் மாட்டை வளர்க்கிற நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

காரைதீவில் எங்கள் வளவில் மாடு மேய்க்க இடமில்லை. அவர் மாவடிப்பள்ளிக்காரர், சவளக்கடையில் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் அவருடையது. என் மனுசன் இருந்த காலத்திலிருந்தே எங்கள் பசுக்கள் அவரிடம் வாரத்துக்கு நின்றன. வாரமென்றால் இதுதான்: மாடு எங்களது, வளர்ப்பு அவரது, முதல் கன்று அவருக்கு, அடுத்தது எங்களுக்கு. பசுவின் தொடையில் எங்கள் குடியின் குறிதான் சுட்டிருக்கும். எழுத்து ஒன்றும் கிடையாது. எழுதச் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும், எனக்கு வெட்கமாகப் போயிருக்கும்.

மழை இறங்கப் போகிறதென்று, கன்று போடுகிற நிலையில் நின்ற பசுவை அவர் சவளக்கடையிலிருந்து தன் வீட்டுக்குச் சின்ன லொறியில் ஏற்றியிருக்கிறார். அனுமதிப் பத்திரம் எடுக்கவில்லை. வயலிலிருந்து வீட்டுக்கு மாடு கொண்டுவர எங்கள் பக்கத்தில் எவர் அதெல்லாம் எடுக்கிறார்? வழியில் மறித்தவர்கள் பொலிஸ் அல்ல. இந்து தர்மத்தைச் சட்டத்தால் காக்கிறோம் என்று வெளியூரிலிருந்து வந்து இங்கே கிளை போட்டிருக்கிற அமைப்புக்காரர்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, முஸ்லிம் டீச்சர் போடுகிற அபாயா, சந்தியிலிருக்கிற இறைச்சிக்கடை, எதற்கும் அவர்களிடம் ஒரு முறைப்பாடு இருக்கும். கோயில் காணிக்காக அவர்கள் வழக்குப் போட்டபோது நல்லதென்றுதான் சொன்னேன், இப்போதும் சொல்வேன். ஆனால் இது என்ன கூத்து? மாட்டில் இருப்பது இந்துவின் குறி, கொண்டுபோகிறவர் தலையில் தொப்பி, அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பொலிஸ் வளவில் பசு மழையில் நனைந்துகொண்டு நின்றது. மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்றிருந்தது. கழுத்தில் ஒரு பூமாலை. படம் எடுக்கப் போட்டார்களாம். ஒரு பிடி வைக்கோல் போட மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமைப்பின் சட்டத்தரணி இளம்பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தார். பயப்படாதீர்கள் அம்மா, உங்கள் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்றார். பயப்பட வைத்ததே நீங்கள்தானே தம்பி என்றேன். வாரத்தை விளங்கப்படுத்தினேன். களவில்லை, நானே கொடுத்தது என்றேன். அப்படியென்றால் மாட்டில் இரண்டு பேருக்குப் பங்கு, உரிமை யாருக்கென்று விசாரித்து முடியும்வரை விட முடியாது என்றார் பொலிஸ்காரர். மாடு உங்களது மட்டும், அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள், நாளைக்கே கோட்டில் எடுத்துத் தருகிறேன் என்றார் சட்டத்தரணி. அவரைக் கள்ளனாக்கிவிட்டு நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதா? பிறகு அந்த வாயால் எப்படிச் சோறு தின்பது? மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்தும் பசு கத்துவதுதான் காதில் நின்றது. வயிற்றுப்பிள்ளையோடு அது அங்கே செத்துப்போனால் என்ன செய்வேன், எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவேன் என்று அழுதேன்.

மறுநாள் கோட்டில் நீதவான் கேட்க, இருவருடையதும் ஐயா என்றேன். இந்த அம்மா பயத்தில் சொல்கிறார் என்று சட்டத்தரணி எழும்பினார். பிறகு கூண்டில் நின்ற நானாவைக் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"மாடு அவடதான், ஐயா. எனக்கு அதுல ஒரு பங்குமில்ல."

பொய் என்று கத்தியே விட்டேன். பொலிஸ்காரர் வந்து உட்கார வைத்தார். மாட்டை என்னிடம் விட்டார்கள். அவருக்குப் பிணை கிடைத்தது, களவு வழக்கு அப்படியே கிடந்தது. வாசலில் மறித்து, உங்கள் தலையில் நீங்களே மண்ணை அள்ளிப் போட்டீர்களே நானா என்று ஏசினேன்.

"வயித்துல கிடக்கிறது பொலிஸ் வளவுலயா பொறக்கிற, புள்ள?" என்றார். "முதல்ல அதக் கொண்டு போங்க."

அன்று பின்னேரமே என் வளவில் பசு ஒரு பெண் கன்று, நாகு, போட்டது. சட்டத்தரணி கோல் எடுத்து, நாங்கள் வென்றுவிட்டோம் அம்மா என்றார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருத்தரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத நான் அந்தப் பிள்ளையிடம் கெஞ்சினேன். அது உங்கள் சொந்த விசயமில்லை, நம் சமயத்துக்காகப் போட்டது என்றார். நான் ஏசியதை இங்கே எழுத முடியாது.

இது இந்தப் பசுவின் முதல் கன்று, வாரப்படி அவருடையது. வந்து தாயையும் கன்றையும் கொண்டுபோங்கள் என்று சொல்ல மாவடிப்பள்ளிக்குப் போனேன். அவருடைய மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி தந்துவிட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போனார். நானா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எடுக்க ஏலா, புள்ள. எடுத்தா, கோட்டுல நான் சொன்னது பொய்யாப் போயிரும். மறுகா உங்களையும் சேத்து இழுப்பானுகள்."

அப்படியென்றால் இனி நான் யாரிடம் மாடு விடுவது என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் எங்களுக்கிடையில் ஒருநாளும் வராத கதையை மெதுவாகக் கதைத்தார்.

"உங்கட ஆக்களுக்கிட்டயே விடுங்க."