திருமுடிவாக்கத்தில் ஒரு டீயும் செல்வத்தின் விரலும்

ஊட்டி, கொடைக்கானல் என்று ஊர் சுற்றி எழுதுகிறவள் திருமுடிவாக்கத்துக்குப் போய்விட்டாளே என்று சிரிக்காதீர்கள். என் கணவர் இப்ராஹிமுக்கு அங்கே ஒரு ஸ்டீல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. வெல்டிங் வைத்த இடத்தில் ஆசிட் பசை தடவிக் கழுவும் வேலை. ஆசிட் என்றால் சும்மாவா? நான் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். "பேஜாரான ரோடு அக்கா, எப்பப் பாத்தாலும் லாரி நின்னுகினே கீது," என்று டிரைவர் வழியெல்லாம் புலம்பினார். திரும்பவும் வர வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

பட்டறையை நடத்துகிறவர் மேரி அக்கா. பசை டப்பாவுக்கு மேலே சுவரில் சேஃப்டி டேட்டா ஷீட் தொங்கியது. பசையில் என்ன இருக்கிறது, மேலே பட்டால் என்ன ஆகும், உடனே என்ன செய்வது, எல்லாம் தமிழில். முதலுதவிப் பகுதி மட்டும் கொட்டை எழுத்தில். "வந்தது இங்கிலீஷ்லதான். கைல பட்டப்புறம் அர்த்தம் கேட்டுட்டு நிக்க முடியுமா?" என்றார் அக்கா.

விருந்தாளியாக வந்தேன் என்று எல்லோருக்கும் டீ வந்தது. அதுதான் வினை! பசை தடவிக்கொண்டிருந்த செல்வம் டம்ளரை வாங்கும் அவசரத்தில் ஒரு கையுறையைக் கழற்றி, அந்த வெறுங்கையாலேயே மற்றதை உருவினார். பசை விரலில் ஒட்டிக்கொண்டது.

"எரியவே இல்லக்கா, தொடச்சா போச்சு."

"தொடைக்காத! குழாய்க்கு வா!" அக்கா அவரைத் தரதரவென்று இழுத்துப்போனார். "எரியலன்னாதான் பயம். ஷீட்ல இன்னா போட்டுகீது?"

தண்ணீருக்கடியில் விரலை நீட்டிக்கொண்டே செல்வம் முணுமுணுத்தார். "வலி லேட்டா வரும். எலும்பு வரைக்கும் போவும்." சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான்.

நன்றாகக் கழுவியபின் அக்கா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, ஷீட்டின் பக்கத்துப் பெட்டியிலிருந்த, அந்த ஆசிட்டை முறிக்கிற கால்சியம் ஜெல்லைத் தடவினார். ஷீட்டின் நகலோடு என் ஆட்டோவிலேயே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அதைப் படித்துவிட்டு, எதையும் திருப்பிக் கேட்காமல் நேராக வைத்தியத்தில் இறங்கினார். சாயங்காலம் விரல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன். "என் டீதான் ஆறிப்போச்சு," என்றார் செல்வம்.

இப்படிப்பட்ட பட்டறைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் காலையிலேயே போங்கள். உள்ளே நுழைந்ததும் ஷீட் எங்கே, குழாய் எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ராத்திரி என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் வேலைக்குப் போகட்டுமா, வேணாமா?"

"போங்க. ஆனா டீ வந்தா, மொதல்ல கையுறையோட கையக் கழுவுங்க."