பின்னால் வந்த ஐந்து வண்டிகள்

உடுப்பிட்டித் தர்சினிக்குப் பொறாமை புதிதில்லை. ஆனால் ஒரு சாண் உயர ரோபோ வண்டியைப் பார்த்து வயிறெரிவாள் என்று அவளே நினைத்திருக்கமாட்டாள், பாருங்கள்.

நல்லூரில் உள்ள அந்த ரோபோ பயிற்சி நிலையத்தில் ஆசிரியையாக அவளுக்கு ஒன்பது வருடம். விடிய முதல் பஸ்ஸில் வந்து கதவு திறப்பவள் அவள். பழுதுகளைத் தனியே குந்தியிருந்து திருத்துபவளும் அவள்தான். குருநகர் ஜெயனி போன வருடம் வந்தவள். எல்லோரோடும் கதைத்துச் சிரித்தே நாளைப் போக்குவாள்.

ஆசிரியர்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு வண்டி செய்தார்கள். ஆறுக்கும் ஒரே கணினி நிரல். தலைவன் என்று எதையும் குறிக்கவில்லை. தன் கண்ணில் அதிக நேரம் படுகிற வண்டியின் பின்னால் போ, அவ்வளவுதான் விதி.

பொறுப்பாளர் அருளம்பலம் சேர் பகிடியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ தெரியாது. "எந்த வண்டிக்குப் பின்னாலை மற்றதெல்லாம் போகுதோ, அதைச் செய்த ஆள்தான் கொழும்புக் கண்காட்சிக்குக் குழுத் தலைவர்."

பத்துத் தரம் ஓடவிட்டார்கள். பத்துத் தரமும் ஜெயனியின் வண்டிக்குப் பின்னால்தான் ஊர்வலம். தர்சினியின் வண்டி முந்திப் பாய்ந்து மூலையில் தனியே நின்றது.

"நீர் உதுக்குள்ளை என்ன செய்தனீர்?" என்றாள் தர்சினி.

"மாதாவாணை ஒண்டும் செய்யேல்லை அக்கா," என்றாள் ஜெயனி.

தர்சினி நம்புவாளா? மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் ஜெயனியின் வண்டியைக் கழற்றிப் பார்த்தாள். நிரல் அதேதான்; மோட்டார் மட்டும் கொஞ்சம் மந்தம். அட, இவ்வளவுதானா! மெல்லப் போனதால் அது எந்த வண்டியின் கண்ணுக்கும் மறையவில்லை, அதனால் தலைவன். ஓடி ஓடி உழைத்தவளுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. இரண்டு வண்டிகளின் மோட்டார்களையும் மாற்றிப் பூட்டினாள்.

பின்னேரம் கடைசி ஓட்டம். முந்திப் பாய்ந்த ஜெயனியின் வண்டியும் சுவரில் பட்டுத் திரும்பி வந்து சேர, ஐந்து வண்டிகளும் தர்சினியின் வண்டிக்குப் பின்னால் வந்தன. சேர் கைதட்டி அவளையே தலைவர் என்றார். ஜெயனி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா, உதுக்கு நீங்கள்தான் சரியான ஆள்."

களவாக வென்றவளுக்கு அந்த வாழ்த்து வேம்பாய்க் கசந்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தானே? தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு எல்லாரும் இங்கை நிக்கவேணும்."

மற்ற நான்கு ஆசிரியர்களின் முகங்களும் ஜெயனியின் பக்கம் திரும்பின.

"ஓம், வருவம்," என்றாள் ஜெயனி.

"ஓம் ஓம், வாறம்," என்றார்கள் நால்வரும்.